முதல் நாளே பாரின் அடியிலிருந்து வெளியே வரச் சொல்லிக்கொடுங்கள்

ஜிம் நடத்துகிறவர்களுக்கும், அங்கே பயிற்சி கொடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், ஆள் இல்லாத ஒரு ஜிம்மில் பெஞ்ச் பிரஸ் செய்துகொண்டிருந்தேன், அதாவது பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடைத் தட்டுகள் (பிளேட்) மாட்டிய இரும்புத் தண்டை (பார்) நெஞ்சுக்கு இறக்கி மேலே தள்ளும் பயிற்சி. பிளேட்டுகளோடு சேர்த்து 60 கிலோ இருந்த பார் என் நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டது. எட்டு ரெப், அதாவது எட்டு முறை இறக்கித் தூக்குவது என்று மனதில் கணக்கு வைத்துத்தான் படுத்தேன். ஏழாவது ரெப் பாதி வழியில் நின்றது. கை நடுங்கியது, பார் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, மார்பெலும்பின் மேல் வந்து படுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் பிளேட் கழன்றுவிடாமல் பிடிக்கும் கிளிப்பை இறுக்கிப் போட்டிருந்ததால், ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டுகளைக் கீழே விழவைக்கவும் வழியில்லை. சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். கூப்பிட்ட மூச்சு வெளியே போனதும் நெஞ்சு தாழ்ந்தது, பார் இன்னும் கொஞ்சம் அமுங்கியது. அடுத்து இழுத்த மூச்சு பாதிதான் உள்ளே வந்தது. இரண்டாவது முறை கூப்பிடத் தோன்றவில்லை.

கடைசியில் பாரை வயிற்றின் மேல் உருட்டி, இடுப்பு வரை தள்ளிக்கொண்டுபோய், எழுந்து உட்கார்ந்தேன். வயிற்றில் கோடு போட்டதுபோல் கன்றிப்போனது மறைய மூன்று வாரம் ஆனது. 60 கிலோ அப்படி ஒன்றும் பெரிய எடை இல்லை. அதுவே 90 கிலோவாக இருந்திருந்தால் என் வயிற்றின் மேல் அதை உருட்டியிருக்க முடியாது.

மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு, அங்கிருந்த ராக்கின் (துளைகள் போட்ட தூண்களுள்ள இரும்புச் சட்டம்) சேஃப்டி பின்கள், அதாவது விழும் பாரைத் தாங்க அதில் குறுக்கே மாட்டும் இரண்டு இரும்புக் கம்பிகள், எங்கே என்று தேடினேன். ஒன்று, பின்பக்கக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. இன்னொன்று கடைசிவரை கிடைக்கவில்லை.

எனக்குப் பெஞ்ச் பிரஸ் சொல்லிக்கொடுத்தவர் நல்ல பயிற்சியாளர், பொறுமைசாலி. முழங்கையை எவ்வளவு ஒடுக்குவது, பாதத்தை எங்கே ஊன்றுவது, தோள்பட்டையை எப்படிப் பின்னால் இழுத்துப் பெஞ்சில் அழுத்துவது, எந்த நேரத்தில் மூச்சை அடக்குவது எல்லாம் காட்டினார். தூக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதை மட்டும் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புதிதாக வருகிறவருக்கு அப்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்றே தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

என் கோரிக்கை இதுதான்: ஒருவர் பாரில் முதல் பிளேட்டை மாட்டுவதற்கு முன்பே, சிக்கிக்கொண்ட பாரின் அடியிலிருந்து வெளியே வருவதை அவருக்குக் காலி பாரில் செய்து பழக்குங்கள். வாயால் சொன்னால் மட்டும் போதாது. சிக்கிய நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது, உடம்பு ஏற்கெனவே செய்து பார்த்த ஒன்றைத்தான் அப்போது செய்யும்.

வெயிட்லிஃப்டிங் ஆட்களைக் கவனித்தால் இது புரியும். 4 மீட்டருக்கு 4 மீட்டர் மேடையில், தன் உடம்பு எடையைப்போல் இரண்டு மடங்கைத் தலைக்கு மேல் தூக்குகிறவர் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. முடியவில்லை என்றால் பாரை முன்னாலோ பின்னாலோ விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடுகிறார். ரப்பர் பிளேட், கீழே விழுந்தாலும் பாதகமில்லை. பாரை விடுவது அவர்களுக்குப் பாடத்தின் ஒரு பகுதி, சின்ன வயதிலேயே பழகிவிடுகிறார்கள். பாரை முதுகில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் ஆகிய மூன்றும் கொண்ட பவர்லிஃப்டிங்கில் நிலைமை வேறு. பெஞ்ச் பிரஸ்ஸில் பாருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் மனிதன் இருக்கிறான், நகர்ந்து தப்பிக்க இடமில்லை. அதனால் சர்வதேசப் பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி, போட்டி மேடையில் எந்நேரமும் குறைந்தது இரண்டு பேர், அதிகபட்சம் ஐந்து பேர் பாரைப் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். உலகத்திலேயே பலசாலிகளுக்கு இந்த ஏற்பாடு. நம் ஜிம்மில் காலை ஐந்து மணிக்குத் தனியாக வருகிறவருக்கு அந்த இரண்டு பேரும் இல்லை. அவர்களுடைய இடத்தில் இரண்டு இரும்புக் கம்பிகள் இருந்தாக வேண்டும்.

'பக்கத்தில் ஆள் இருந்தால் போதுமே' என்று சிலர் நினைக்கலாம். 2009 செப்டம்பரில், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி வீரர் ஸ்டஃபோன் ஜான்சன் பெஞ்ச் பிரஸ் செய்துகொண்டிருந்தபோது, 275 பவுண்ட், அதாவது ஏறக்குறைய 125 கிலோ பார், கையிலிருந்து நழுவிக் கழுத்தில் விழுந்தது. குரல்வளை நசுங்கியது. பல மணி நேர அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் பிழைத்தார். அப்போது அவர் தனியாக இல்லை, பயிற்சிக் குழுவைச் சேர்ந்த ஒருவர் தலைமாட்டிலேயே இருந்தார். கையிலிருந்து நழுவும் பார் நெஞ்சுக்கோ கழுத்துக்கோ வந்து சேர ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் குனிந்து பிடிக்க எந்த மனிதராலும் முடியாது. சரியான உயரத்தில் மாட்டிய பின்கள் அங்கே ஏற்கெனவே காத்திருக்கும்.

சரி, அந்தச் சரியான உயரம் எது? பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான், பின் இருந்தும் மாட்டாமல் விடுவதற்கும் இதுவே காரணம். உயரமாக வைத்தால் ஒவ்வொரு ரெப்பிலும் பார் பின்னில் இடிக்கிறது, எரிச்சலாகி எடுத்துவிடுகிறார்கள். தாழ்வாக வைத்தால் பேருக்குத்தான் பின்.

பெஞ்சை ராக்குக்குள் போடுங்கள். காலி பார் போதும். படுக்கிறவர் வழக்கமாகத் தூக்கும் நிலையிலேயே, நெஞ்சை உயர்த்தி, முதுகை லேசாக வளைத்து, பாரை நெஞ்சுக்கு இறக்கட்டும். பார் நெஞ்சைத் தொடும்போது, பின் அதற்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இப்போது மூச்சு முழுவதையும் விட்டு, முதுகைப் பெஞ்சில் தட்டையாக அழுத்தச் சொல்லுங்கள். நெஞ்சு இறங்கும், இரும்பில் இரும்பு உட்காரும் சத்தம் கேட்கும், பாரின் எடை அவர் மேலிருந்து போய்விடும். அப்புறம் பாரைப் பின்களின் மேலேயே கழுத்துக்கு நேராக உருட்டிப் பார்க்கட்டும். தொண்டைக்கும் பாருக்கும் நடுவில் விரல்கள் தாராளமாக நுழைந்தால் உயரம் சரி. பிறகு தலையைத் திருப்பி, உடம்பைக் கால்பக்கமாக நழுவவிட்டு வெளியே வரட்டும். இதை மூன்று முறை செய்தால் போதும். நான் இதை முதல்முறை செய்தபோது அந்த இரும்புச் சத்தம் தந்த நிம்மதியை வேறு எந்தப் பயிற்சியும் தந்ததில்லை.

ராக்கில் துளைகள் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால் ஒரு சிக்கல் வரும்: ஒரு துளை அதிக உயரம், அடுத்தது ரொம்பத் தாழ்வு. பெஞ்சின் கால்களுக்கு அடியில் கெட்டியான ரப்பர் பாயை ஒரே கனத்தில் போட்டால் அந்த நடு உயரம் கிடைக்கும். பெஞ்ச் ஆடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புது ராக் வாங்குகிறவர்கள், பெஞ்ச் உயரத்தில் துளை நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் ஓர் எண் இருந்தால், உறுப்பினர் தன் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்வார். 'பெஞ்ச் 7, ஸ்குவாட் 12' என்று தெரிந்தவருக்குப் பின் மாட்ட அரை நிமிடம் ஆகாது.

அடுத்து கட்டைவிரல். பாரை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துத் தூக்குகிறவர்கள் ஒவ்வொரு ஜிம்மிலும் இருக்கிறார்கள். மணிக்கட்டுக்கு வசதி, நெஞ்சில் நன்றாகப் பிடிக்கிறது என்பார்கள். அப்படிப் பிடிக்கும்போது பாரை முன்பக்கம் நழுவவிடாமல் தடுக்க எதுவுமே இல்லை. சர்வதேசப் போட்டி விதியே பெஞ்ச் பிரஸ்ஸில் கட்டைவிரல் பாரைச் சுற்றியிருக்க வேண்டும் என்கிறது. இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். அனுபவசாலியானாலும், உங்களுடைய பழைய நண்பரானாலும் போய்ச் சொல்லுங்கள்.

ராக்கே இல்லாத, வெறும் இரண்டு தூண் வைத்த பெஞ்ச் பல இடங்களில் இருக்கிறது. ஆள் இல்லாத நேரத்திலும் ஜிம்மைத் திறந்து வைப்பீர்களானால், அந்தப் பெஞ்சை அந்த நேரத்தில் பூட்டுங்கள் என்றே சொல்வேன். கடுமையாகத் தோன்றும், தெரியும். அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன. டம்பெல் பிரஸ்ஸில் முடியவில்லை என்றால் இரண்டு பக்கமும் விட்டுவிடலாம். தரையில் படுத்துச் செய்யும் ஃப்ளோர் பிரஸ் இன்னொன்று. 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய பிளேட் மாட்டியிருந்தால் பாரின் மையம் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கவே இறங்காது, கழுத்து நசுங்காது. சின்ன பிளேட்டோடு இதைச் செய்யக் கூடாது, அப்போது அந்த இடைவெளி போய்விடும்.

பின் இல்லாத பெஞ்சில் தனியாகத்தான் செய்வேன் என்று யாராவது பிடிவாதமாக இருந்தால், அவருக்குக் குறைந்தபட்சம் கிளிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். முடியாமல் போனால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டைக் கொட்டலாம். கொட்டியதும் அடுத்த பக்கம் சாட்டைபோல் வீசும், தரை உடையலாம், கண்ணாடி உடையலாம். உடையட்டும். வயிற்றின் மேல் உருட்டி வருவதையும் அவருக்கு லேசான எடையில் காட்டுங்கள். நான் செய்தது அதுதான், ஆனால் அதிக எடைக்கு அது உதவாது. பார் எப்போதும் வயிற்றுப் பக்கம்தான் போக வேண்டும், கழுத்துப் பக்கம் ஒருபோதும் சாயக் கூடாது. கூப்பிடுவதாக இருந்தால் பார் நெஞ்சுக்கு வருவதற்கு முன்பே கூப்பிட வேண்டும், வந்த பிறகு குரலுக்கு மூச்சு மிச்சமிருக்காது.

இவ்வளவும் செய்தாலும், தனியாக இருக்கும் நாளில் ஒன்றிரண்டு ரெப் மிச்சம் வைத்து நிறுத்துவதுதான் சரி. இன்னும் ஒன்று வருமா வராதா என்ற சந்தேகம் வந்தாலே தூண்களில் பாரைத் தாங்கும் ஹூக்கில் மாட்டிவிட வேண்டும். புது அதிகபட்ச எடையை முயன்று பார்க்கும் நாளை ஆள் இருக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒரு வாரம் தள்ளிப்போனால் பலம் ஒன்றும் கரைந்துவிடாது.

ஸ்குவாட்டுக்கு வருகிறேன். பெஞ்சைப்போல் கழுத்தை நெரிக்காது என்பதால் இதில் கொஞ்சம் அலட்சியம் உண்டு. ஒருவர் முழுதாக உட்காரும்போது பார் எங்கே வருகிறதோ, அதற்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழே பின்கள் இருக்கட்டும். முடியாமல் போகும்போது எல்லோரும் செய்யும் தவறு, இடுப்பை மேலே தூக்கி நெஞ்சை முன்னால் சாய்த்துவிடுவது. பார் கழுத்தை நோக்கி உருள்கிறது, முதுகு வளைகிறது, அடி படுவது அப்போதுதான். நெஞ்சை நிமிர்த்தியபடியே இன்னும் கீழே உட்கார வேண்டும், அவ்வளவுதான். பார் பின்களில் உட்கார்ந்துவிடும், குனிந்து முன்பக்கமாக வெளியே வந்துவிடலாம். காலி பாரோடு 'இப்போது முடியவில்லை' என்று பாவனை செய்து உட்காரச் சொல்லிப் பழக்குங்கள். முதல்முறை எல்லோரும் தயங்குவார்கள், பின்னில் இடிப்பதை ஏதோ தோல்வி மாதிரி நினைப்பார்கள். அந்தத் தயக்கத்தை நீங்கள்தான் போக்க வேண்டும். நீங்களே முதலில் உட்கார்ந்து காட்டினால் போய்விடும்.

ராக் இல்லாமல் தனித்தனித் தாங்கிகளில் ஸ்குவாட் செய்கிறவர், ரப்பர் பிளேட் இருந்தால் மட்டும், கைகளை விட்டுப் பாரைப் பின்னால் நழுவவிட்டு முன்னால் குதிக்கப் பழக வேண்டும். பாரை முதுகில் தாழ்வாக வைத்து, மணிக்கட்டை மடக்கி இறுக்கிப் பிடிக்கிறவர்களுக்கு இது கஷ்டம், அவர்களுக்கு ராக்கே நல்லது.

ஹூக் உயரமும் முக்கியம். நெஞ்சின் நடுப்பகுதி உயரம் போதும். குதிகாலைத் தூக்கி எக்கித்தான் மாட்ட முடியும் என்றால், களைத்துப்போன கடைசி ரெப்பில் ஒரு பக்கம் மாட்டும், ஒரு பக்கம் மாட்டாது. பார் முதலில் இரண்டு தூணிலும் முட்டட்டும், அப்புறம் கீழே இறங்கட்டும். முட்டிய சத்தம் இரண்டு பக்கமும் கேட்காமல் கையை விடக் கூடாது. பெஞ்சிலும் இதே கதைதான்.

ஸ்மித் மெஷினில் பார் தண்டவாளத்தில்தான் ஏறி இறங்கும், அதனால் பயமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. சிக்கிக்கொண்டால் மணிக்கட்டைத் திருப்பி ஹூக்கை மாட்டவும் பலம் இருக்காது. அதன் அடித்தடுப்புகளையும் உயரம் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

யாரும் தூக்காத நேரத்தில் நடக்கும் விபத்து ஒன்று இருக்கிறது, நான் இரண்டு முறை நேரில் பார்த்தேன். பயிற்சி முடிந்து களைப்பாக இருப்பவர், ஹூக்கில் இருக்கும் பாரின் ஒரு பக்கத்துப் பிளேட்டுகளை எல்லாம் வரிசையாகக் கழற்றிவிடுகிறார். அடுத்த பக்கத்தின் எடை ஹூக்குக்கு வெளியே தொங்குகிறது. ஒரு கட்டத்தில் 20 கிலோ பார் துள்ளி எழுந்து, 2.2 மீட்டர் நீளமும் சுழன்று வருகிறது. முதல் முறை கண்ணாடி போனது. இரண்டாவது முறை அந்தப் பார், தண்ணீர் குடிக்கக் குனிந்திருந்த ஒருவரின் தலைக்கு ஒரு கை தூரத்தில் போனது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிக் கழற்ற வேண்டும், மாட்டும்போதும் அப்படியே. தனியாக இருப்பவருக்கு எதிர்ப்பக்கம் பிளேட்டைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் அவருக்கு இது இன்னும் முக்கியம்.

டெட்லிஃப்டில் கையை விட்டால் பார் தரைக்குப் போய்விடும், தனியாகச் செய்ய அதுவே பாதுகாப்பானது. ஒரே ஒரு எச்சரிக்கை: மூச்சை அடக்கி முக்கும்போது இரத்த அழுத்தம் ஏறும், பாரை வைத்து மூச்சை விட்டதும் சட்டென்று இறங்கும், கண் இருட்டிக்கொண்டு வரலாம். தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ்ஸுக்காகப் பாரைத் தொண்டையை ஒட்டி வைத்துக்கொள்ளும்போதும் இப்படி ஆகும். அந்த உணர்வு வந்தால் நின்றுகொண்டு சமாளிக்கப் பார்க்காமல் பாரை விட்டுவிட்டு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்ற வேண்டும். பின்னால் பெஞ்சோ டம்பெல்லோ கிடக்கக் கூடாது.

ஜிம் திறந்திருந்தும் பணியாளர் இல்லாத நேரம் உங்களிடம் இருக்கிறதென்றால் இன்னொரு கோரிக்கை. தனியாக வருகிறவர், எத்தனை மணிக்கு முடிப்பேன் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு வரட்டும். கதவு உள்ளே தாழிட்டிருக்கக் கூடாது. போனைப் பையில் வைக்காமல், பெஞ்சுக்குப் பக்கத்தில், படுத்தபடியே கை எட்டும் தரையில் வைக்கச் சொல்லுங்கள். அன்று என் போன் என் கண்ணுக்குத் தெரியும்படி எதிரே ஜன்னல் திட்டில் இருந்தது.

உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும். வாடகை, பழுது, மாதக் கட்டணம் வராத உறுப்பினர்கள் என்று எத்தனையோ இருக்கும். நான் கேட்பது ஒரு புது உறுப்பினருக்குப் பதினைந்து நிமிடம், ஒரு காலி பார். கூடவே, நாளைக் காலை ஜிம்மைத் திறந்ததும் ஒவ்வொரு ராக்கிலும் இரண்டு பின்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாத ஒன்று பின்பக்கக் கதவில் முட்டுக் கொடுத்திருக்கலாம், பிளேட் ஸ்டாண்டுக்கு அடியில் கிடக்கலாம். கதவுக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு, பின்னை ராக்கில் மாட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் பல காலைகளில் தனியாகவே தூக்கும் ஓர் உறுப்பினர்